மேனேஜர் கவ்விய குஞ்சு

சலூன்காரர் என்றால் கத்திரி ஒரு பக்கம் ஓடும், நாக்கு ஒரு பக்கம் ஓடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படியில்லை. காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போடுவதிலிருந்து சாயங்காலம் துண்டுகளை ஊறவைப்பது வரைக்கும் அவர் பேசுகிற பேச்சை ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்துவிடலாம். "உட்காருங்க." "தலையைக் குனிங்க." "பார்த்துக்குங்க." கடைசியைச் சொல்லும்போது பிடரிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார். முடிந்தது வியாபாரப் பேச்சு. வாடிக்கையாளர்கள் அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

என்னைப் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டார் கேட்ட அத்தனை கேள்விக்கும் அவருடைய அக்காதான் பதில் சொன்னாள். கிளம்புகிற நேரத்தில் அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"உங்க வகிடு கொஞ்சம் கோணலா இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! இந்த ஆளைக் கட்டிக்கொள்வதைவிடச் சும்மாவே இருந்துவிடுகிறேன் என்று உள்ளே போய்க் கத்தினேன். அப்புறம் கண்ணாடியில் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஒரு நோய் உண்டு. டாக்டர் சொன்ன நோய் இல்லை, நான் சொல்கிற நோய். எதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தாக வேண்டும். ஒருவருக்கு இடது கிருதாவை வெட்டுவார், வலது கிருதாவை வெட்டுவார், இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். வலது ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கிறது என்று படும். அதை ஏற்றுவார். இப்போது இடது தாழ்ந்துவிடும். இப்படி ஏற்றி ஏற்றிக் கிருதாவோடு வந்த மனிதர்கள் கிருதா இல்லாமல் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. போகும்போது தெருவில் யார் பார்த்தாலும் முகம் நேராக இருக்கும், அந்த உத்தரவாதம் உண்டு.

கடை எங்கள் வீட்டின் முன்னறை. சுழல்கிற நாற்காலி ஒன்று, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, அதன் மேல் வரிசையாகக் குண்டு பல்புகள், மூலையில் துண்டுகளைச் சூடாக்குகிற பெட்டி. பின்னால் நாங்கள் குடியிருக்கிற அறையும் சமையலறையும். அதற்கும் பின்னால் கொல்லை. மாடியில் வீட்டுக்காரம்மா, நாங்கள் வாடகை கொடுக்கிறவர்.

நாற்காலிக்கு அடியில் மேனேஜர்.

மேனேஜர் என்பது நாய். ஒரு மழை நாளில் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து நாற்காலிக்கு அடியில் படுத்தது. மழை விட்டும் போகவில்லை. கதவு திறந்தால் தலையைத் தூக்கி, வருகிறவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, சரி உட்காரட்டும் என்பதுபோல் மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொள்ளும். முடி வெட்ட வந்து அழுகிற பிள்ளைகள் அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிடும். மேனேஜர் என்று பெயர் வைத்தது வாடிக்கையாளர்கள்தான்.

எங்கள் வீட்டுக்காரர் அதனோடு பேசுவார். ஆமாம், பேசுவார்! ஒரு நாள் நான் சமையலறையிலிருந்து வரும்போது காதில் விழுந்தது. "இன்னிக்குக் கூட்டமே இல்லடா. மழை வேற. அந்தக் கண்ணாடி போட்ட சார் வந்தாலும் வருவாரு, பாப்போம்." என்னிடம் ஒரு வாரத்துக்குச் சொல்வதை ஒரே மூச்சில் நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. நாயிடம் பேசியிருக்கலாம். அதனால் அந்த நாய்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும், அது இல்லாமல் இந்த மனிதர் எப்படி இருப்பார் என்று நினைத்தால் பயமாகவும் இருக்கும்.

வீட்டுக்காரம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் சொன்னதுதான். படியில் இறங்கும்போதே நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவர் கணவர் இருந்தவரைக்கும் கொல்லையில் கோழிகள் வளர்த்தார். அவர் போன பிறகு கோழிகளும் ஒவ்வொன்றாகப் போய், ஒரே ஒரு பழுப்புக் கோழி மிஞ்சியது. வயசான கோழி. பக்கத்து வீட்டுச் சேவல் வந்து போன புண்ணியத்தில் அது திடீரென்று முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தது. வீட்டுக்காரம்மா தினமும் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வைத்த முட்டைகள் எல்லாம் கூமுட்டையாகப் போய், ஒன்றே ஒன்று பொரித்தது. மஞ்சளும் பழுப்புமாக ஒரு குஞ்சு. அன்றைக்கு அந்த அம்மா கீழே வந்து என்னிடம், "அவர் கோழியோட குஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்னால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

இந்தக் குஞ்சைத்தான் மேனேஜர் கவ்வியது.

காலை நேரம். நாற்காலியில் ஒருவர் முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. கொல்லைக் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. குஞ்சு கீச்சுக் கீச்சென்று சமையலறையைத் தாண்டி, எங்கள் அறையைத் தாண்டி, நேராகக் கடைக்குள் வந்து, கீழே கிடந்த முடியைக் கொத்திப் பார்த்தது. அடுத்த நொடி நாய் பாய்ந்தது. அதுவரை ஈயைக்கூட விரட்டாத நாய்! விளையாட்டுக்கா, வேட்டைக்கா, அதற்கே தெரியுமோ என்னவோ. குஞ்சு போட்ட சத்தம் இருக்கிறதே, அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் கத்தியைத் தூக்கிப் போட்டார். தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் நாயின் வாயைப் பிளந்தார். குஞ்சு கீழே விழுந்தது. இடது பக்கம், இறக்கைக்குக் கீழே தோல் கிழிந்து சிவப்பாகத் தெரிந்தது. கண் மூடியிருந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. நாய் சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டது.

நாற்காலியில் இருந்தவர் எழுந்து, "அண்ணே, மீதி?" என்றார். இவர் காதில் அது விழவேயில்லை. என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்தை மட்டும் முடித்து ஆளை அனுப்பியது அன்றைக்குத்தான்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார். இவர் கையிலிருந்து குஞ்சை வாங்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தாய்க்கோழியிடம் விட்டார். அந்தக் கோழி கிட்டே வந்து பார்த்தது. ரத்தம் தெரிந்த இடத்திலேயே நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தியது. வீட்டுக்காரம்மா பதறிப்போய்க் குஞ்சை எடுத்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி," என்றார். "உன் நாய் கடிச்சது. நீயே காப்பாத்து. குஞ்சு பிழைச்சா நாய் இருக்கட்டும். செத்துப்போச்சுன்னா நாய் இந்த வீட்ல இருக்கக் கூடாது. என் தம்பி குடோனுக்குக் காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டிருக்கான், அங்க அனுப்பிடுவேன்."

அந்தக் குடோனை எனக்குத் தெரியும். அங்கே நாய்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருப்பார்கள். பகலில் மனித வாடையே கிடையாது.

"அம்மா, வாயில்லாத ஜீவன், ஏதோ தெரியாம..." என்று நான் ஆரம்பித்தேன்.

"குஞ்சுக்கு மட்டும் வாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

நாயைக் கொல்லையில் கட்டிவிட்டு இவர் குஞ்சைக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், இவர் போய் அங்கே வாய் திறக்க வேண்டாமா? டாக்டர் ஒரு இளைஞர். காயத்தைக் கழுவிப் பார்த்தார். ஆழமில்லை, உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றார். களிம்பும் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

"புண்ணைச் சுத்தி இருக்கிற முடியை மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு மருந்து போடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா சீழ் வைக்கும். முக்கியமா குளிர் படக் கூடாது. இந்த வயசுல அதுக்கு இருக்கிற ஒரே போர்வை இந்த முடிதான். கதகதப்பா வைங்க."

"முடி எடுக்கிறதுக்கு இவரைவிட ஆள் யாரு டாக்டர்?" என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்ய!

கடைக்கு வந்ததும் காதோரம் எடுக்கிற சின்ன டிரிம்மரை ஸ்பிரிட்டால் துடைத்தார். துண்டை விரித்தார். குஞ்சை இடது உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு புண்ணைச் சுற்றிப் பஞ்சு முடியை எடுத்தார். என்ன நிதானம், என்ன சுத்தம்! நான் அடுப்பில் வைத்ததைப் பார்க்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால், கடவுளே, குஞ்சின் வலது பக்கமும் மொட்டையாக இருந்தது.

"ஏங்க, புண்ணு இந்தப் பக்கம்தானே?"

அவர் குஞ்சைப் பார்த்தார். கையிலிருந்த டிரிம்மரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தூக்கலா தெரிஞ்சுது," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. "தூக்கலா தெரிஞ்சா? அது என்ன ஆபீசுக்குப் போகப்போகுதா? ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் வேலைக்குச் சேர்த்துப்பாங்களா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, அதோட போர்வையே அதுதான்னு! போர்வையை உரிச்சுட்டு உட்கார்ந்திருக்கீங்களே!"

அவர் சாதாரணமாகவே பதில் சொல்லாத ஆள், அன்றைக்கு என்னத்தைச் சொல்வார். பத்திரமாக மருந்தைத் தடவினார். தடவிய இடத்திலேயே மறுபடி மறுபடி தடவினார். அதைப் பார்த்ததும் நான் கத்துவதை விட்டுவிட்டுப் பழைய துணி தேடப் போனேன்.

செருப்புப் பெட்டி ஒன்றில் துணி போட்டுக் குஞ்சை வைத்தோம். கண்ணாடிக்கு மேலிருந்த பல்புகளில் ஒன்றைக் கழற்றி, கம்பியில் கட்டிப் பெட்டிக்கு மேல் தொங்கவிட்டார். துண்டுப் பெட்டியிலிருந்து சூடான துண்டை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, சூடு ஆறியதும் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். ஒரு ஆளுக்கு முடி வெட்டுவார், துண்டு மாற்றுவார், அடுத்த ஆளுக்கு வெட்டுவார், துண்டு மாற்றுவார். அப்படியும் குஞ்சு நடுங்கியது. பல்பு ஒரு பக்கம் சுட்டால் மறுபக்கம் குளிர்ந்தது. சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டால் குடிக்கும். தீவனத்தைத் தொடாது. நாளுக்கு நாள் இளைத்தது. கழுத்து தொங்க ஆரம்பித்தது.

கொல்லையில் நாய் ஊளையிட்டது. வந்தவர்கள் எல்லாரும், "என்ன, மேனேஜர் லீவா?" என்று கேட்டார்கள். இவர் தலையைக் குனிங்க என்று மட்டும் சொன்னார். கடை மூடியதும் கொல்லைக்குப் போய் நாய்க்குச் சோறு வைப்பார். பக்கத்தில் உட்காருவார். ஆனால் பேசவில்லை. அதனிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். இந்தக் குஞ்சு போய், நாயும் போய்விட்டால், இந்த வீட்டில் நான் யாரோடு குடித்தனம் நடத்துவது? நாற்காலியோடா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. திருட்டு யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. கடைத்தெருவில் கோழித் தீவனம் விற்கிறவர் குஞ்சுகளும் விற்பார். போனேன். ஒரு கூடைக் குஞ்சைக் கிளறிக் கிளறி, அதே மஞ்சள், அதே பழுப்பு, அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்தேன். தீவனக்காரருக்கே பொறுமை போய்விட்டது. "ஏம்மா, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டுக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இவரிடம், "தனியா இருக்குதே, துணைக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு," என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"அதை நான் ஷேவ் பண்ண மாட்டேன்."

பாருங்கள், பேசாத ஆள் என்று நினைக்கிறோம், உள்ளே எல்லாக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது! குஞ்சை ஆள்மாற்றி வைக்கப் பார்த்த என் குட்டு அந்த நிமிஷமே உடைந்துபோயிற்று. "யாரு பண்ணச் சொன்னா?" என்று முணுமுணுத்துக்கொண்டே புதுக் குஞ்சைப் பெட்டிக்குள் விட்டேன். ஸ்டெப்னி டயர் மாதிரிதானே கொண்டுவந்தோம், அதனால் ஸ்டெப்னி என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டேன்.

ஸ்டெப்னிக்கு என் திட்டம் எதுவும் தெரியாது. அது நேராகப் போய் நோயாளிக் குஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டு படுத்தது. பல்பும் துண்டும் செய்யாததை அந்த உடம்புச் சூடு செய்தது. சாயங்காலத்துக்குள் நடுக்கம் நின்றுவிட்டது. மறுநாள் ஸ்டெப்னி டப் டப் என்று தீவனத்தைக் கொத்தியது. நோயாளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. தானும் ஒன்று கொத்தியது. கீழே போட்டது. மறுபடி கொத்தியது. விழுங்கியது.

"ஏங்க! தின்னுதுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் நாற்காலியில் இருந்தவர் துள்ளிவிட்டார். நல்ல வேளை, இவர் கையில் அப்போது சீப்புதான் இருந்தது. இவர் சீப்போடு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

அதற்கப்புறம் ஏறுமுகம்தான். புண் ஆறியது. மொட்டையான இரண்டு பக்கத்திலும் முள் முள்ளாகக் குருத்து வந்து, பஞ்சுக்குப் பதிலாக நிஜமான இறகே முளைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல, யாரோ வரிசை பிடித்து நட்ட மாதிரி. இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் மாடிக்குப் போய், "குஞ்சு நல்லா இருக்கும்மா, வந்து பாருங்க," என்றேன்.

"வர்றேன்," என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டதும் என் கை சும்மா இருக்கவில்லை. ஸ்டெப்னியைப் பார்த்தால் எதற்கு வாங்கினாய் என்று கேட்பாரே என்று அதைத் தூக்கித் துண்டு அலமாரிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு உடனே தெரிந்தது.

வீட்டுக்காரம்மா பெட்டிக்குள் பார்த்தார். குனிந்து குஞ்சைக் கையில் எடுத்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது என் குஞ்சு இல்லை," என்றார்.

"ஐயோ அம்மா, உங்க குஞ்சுதாம்மா!"

"தீவனக் கடைக்குப் போயிருந்தேன். உங்க கீழ்வீட்டம்மா கூடையைக் கிளறிக் கிளறி, மஞ்சளும் பழுப்புமா ஒண்ணு தேடி எடுத்துட்டுப் போனாங்கன்னு அவர் சொல்றார்."

அந்த நேரம் பார்த்து அலமாரிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் கீச்சுக் கீச்சென்று விடாத சத்தம். கையிலிருந்த குஞ்சும் அதற்குப் பதில் கொடுத்தது. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தரைக்குள் போயிருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துப் பெட்டியில் விட்டேன்.

"வாங்கினது இதும்மா. அது உங்களுது. சத்தியமா! செத்துப்போயிட்டா மாத்தி வெச்சுடலாம்னுதான் வாங்கினேன், நான் அப்படி நினைச்சது நிஜம். ஆனா அது சாகலைம்மா. இதுதான் அதைக் காப்பாத்துச்சு."

"ஒண்ணு வாங்கினவ ரெண்டு வாங்கியிருக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? என் குஞ்சுக்குக் காயம் ஒரு பக்கம். இதுக்கு ரெண்டு பக்கமும் புது இறகு முளைச்சிருக்கு. கணக்கு ஒத்து வரலையே."

டீச்சர் அல்லவா! நான் இறகை விலக்கி வடுவைக் காட்டினேன். அது நன்றாக ஆறி, கொசு கடித்த தடம்போலத்தான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு யாரை நம்பவைப்பது? அவர் குஞ்சைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாயைக் கூட்டிட்டுப் போக நாளைக்கு ஆள் வரச் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனம்தான் நாயைத் துரத்தப்போகிறது என்று நினைத்தபோது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார்.

"அம்மா, நான்தான்."

வீட்டுக்காரம்மா திரும்பினார்.

"புண்ணு இடது பக்கம்தாம்மா. அங்க எடுத்தேன். எடுத்துட்டுப் பார்த்தா வலது பக்கம் தூக்கலா தெரிஞ்சுது. கை தானா போயிடுச்சு. ரெண்டும் சமமா இருக்கணுமேன்னு... எடுத்ததுக்கப்புறம்தான் என்ன பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது. குளிர்ல நடுங்குச்சும்மா. நாய் கடிச்சதுல அது சாகக் கிடக்கலை. நான் பண்ணினதுலதான் சாகக் கிடந்துச்சு. நாயை அனுப்புறதா இருந்தா இதையும் சேர்த்துப் பார்த்துட்டு அனுப்புங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்காரம்மா அவரையே பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. அப்புறம் சிரித்தார். சத்தமாக, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கோழிக்குஞ்சுக்குமா?" என்றார். "கோழிக்குஞ்சுக்குமா தம்பி?"

சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. அது சிரிப்புக் கண்ணீர் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

"அவர் படுக்கையில கிடந்தப்போ நீ தினமும் மேல வந்து ஷேவ் பண்ணிட்டுப் போவியே," என்றார்.

இவர் மேலே போய் வந்தது எனக்குத் தெரியும். அங்கே நடந்த எதையும் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

"கடைசி நாளும் வந்தே. மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. டாக்டர் கையை விரிச்சுட்டுப் போயிட்டார். நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தே. அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்தே. திரும்ப இந்தப் பக்கம் வந்து காதோரம் ஒரே ஒரு இழுப்பு இழுத்தே. இன்னும் கொஞ்ச நேரத்துல போகப்போற மனுஷனுக்கு எதுக்கு இவன் இப்படி மெனக்கெடுறான், போதும்ப்பான்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். வாய் வரலை."

அவர் கண்ணாடியில் இவரைப் பார்த்தபடியே பேசினார்.

"இப்ப அவரை நினைச்சா எனக்கு வர்றது அந்த முகம்தான் தம்பி. நோயாளி முகம் வர்றதில்லை. நேரா, சுத்தமா, அவர் முகமாவே வருது."

இரண்டு குஞ்சுகளும் பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிவிட்டன. வீட்டுக்காரம்மா எழுந்து பெட்டியோடு அவற்றைத் தூக்கிக்கொண்டார்.

"இது என் குஞ்சுதான்," என்றார். "வேற யாரும் ரெண்டு பக்கமும் எடுத்திருக்க மாட்டாங்க. இதுவும் கூடவே வரட்டும், பிரிச்சா ரெண்டும் இளைச்சுடும். போய் நாயை அவிழ்த்து விடு."

இவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கழுத்தில் போடுகிற துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நான்தான் போய் அவிழ்த்துவிட்டேன்.